மாலைப் பொழுது யாருக்குச் சொந்தம்?

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு மேல் வாகனங்களை விடுவதில்லை என்பதால், அங்கே காற்று வாங்க வருகிறவர்கள் நடுச்சாலையிலேயே சாவதானமாக நடந்துகொண்டு, உலக விஷயங்களைப் பற்றித் தத்தம் அபிப்பிராயங்களைச் சொல்லிக்கொண்டு போவது இவ்வூரின் பழகிய வழக்கம். அந்தச் சம்பாஷணைகளில் சமீப காலமாக இரண்டு குறைகள் திரும்பத் திரும்பக் காதில் விழுகின்றன. பிள்ளைகள் கைப்பேசியைக் கீழே வைப்பதே இல்லை, தெருவில் இறங்கி விளையாடுவதில்லை என்பது ஒன்று. இளைஞர்களுக்கு வேலையில் சிரத்தை இல்லை, உத்தியோக தர்மம் என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை என்பது மற்றொன்று. இவற்றை இரண்டு தனித்தனி விஷயங்களாகப் பாவித்து, முதலாவதற்குத் தாய்மாரையும் இரண்டாவதற்குக் கல்லூரிகளையும் குற்றம் சொல்லி, நடை முடிந்ததும் அவரவர் வீடு திரும்பிவிடுகிறார்கள். இரண்டுக்கும் மூலம் ஒன்றே என்றும், குழந்தைக்கும் உழைப்பாளிக்கும் பொதுச் சொத்தாக இருந்த மாலைப் பொழுது கை நழுவிப் போனதே அந்த மூலம் என்றும், அந்தப் பொழுது இந்த ஊருக்கு எவ்வளவு பெரிய விலை கொடுத்துக் கிடைத்தது என்பதை நாம் மறந்துவிட்டோம் என்றும் நான் நினைக்கிறேன்.

விலை என்று வாய்ச்சொல்லுக்காகச் சொல்லவில்லை. பிரெஞ்சு ஆட்சிக் காலத்துப் புதுச்சேரியில் சவானா, ரோடியர், கெப்ளே என்று மூன்று பஞ்சாலைகள் பெரிதாக இயங்கிவந்தன. முதலியார்பேட்டையிலிருந்தும் முத்தியால்பேட்டையிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் விடியுமுன்னே ஆலைக்கு நடந்த ஆண்களும் பெண்களும் சிறுவர்களும், நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரமும் அதற்கு மேலும் நூலோடும் தறியோடும் நின்றுவிட்டு, இருட்டிய பிறகே வீடு திரும்பினார்கள். சூரியனை வீட்டு வாசலில் நின்று பார்க்கும் பாக்கியம் அவர்களுக்கு விடுமுறை நாளில் மட்டுமே வாய்த்தது. வ. சுப்பையா என்ற இளைஞர் அவர்களை ஒன்று திரட்டினார். வேலை நிறுத்தங்கள் நடந்தன. அவற்றின் உச்சத்தில், 1936 ஜூலை 30 அன்று, பிரெஞ்சு அரசின் ஆயுதப் படை தொழிலாளர்கள்மீது துப்பாக்கிப் பிரயோகம் செய்தது. 12 தொழிலாளர்கள் மாண்டார்கள். அப்போது பாரிஸில் லெயோன் புளூமின் தலைமையில் மக்கள் முன்னணி அரசாங்கம் பதவியேற்று இரண்டு மாதங்கூட நிறைந்திருக்கவில்லை. பிரான்சின் தொழிலாளிக்கு வாரம் 40 மணி நேர வேலையும், ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்துடன் கூடிய ஓய்வும் அந்த அரசாங்கம் சட்டமாக்கித் தந்திருந்த அதே கோடைக்காலத்தில், அதே கொடியின் கீழ் இருந்த இந்தத் துறைமுகப் பட்டணத்தில் பன்னிரண்டு பேர் சுடப்பட்டு விழுந்தார்கள் என்பது அந்த அரசுக்கே சகிக்க முடியாத அவமானமாயிற்று. சுப்பையா பிரான்சுக்கே சென்று வாதாடினார். 1937 ஏப்ரலில் வெளியான ஆணை 8 மணி நேர வேலை நாளையும், சங்கம் அமைக்கும் உரிமையையும் பிரெஞ்சிந்தியத் தொழிலாளிக்கு அளித்தது.

அன்றைக்கு எல்லைக்கு அப்பால், பிரிட்டிஷ் இந்தியாவில், 1934ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின்படி ஒரு நாளைக்கு 10 மணி நேரமும் வாரத்துக்கு 54 மணி நேரமும் வேலை வாங்கலாம். கடலூருக்குப் போகிற சாலையில் சுங்கச் சாவடியைத் தாண்டினால் தொழிலாளியின் பொழுது இரண்டு மணி நேரம் குறைந்துபோகும் என்ற நிலை! ஆசியாவிலேயே எட்டு மணி நேர வேலையை முதலில் பெற்றது எங்கள் ஊர்தான் என்று இங்குள்ள தொழிற்சங்கத்தார் இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். ஆண்டுதோறும் ஜூலை 30ஆம் நாளைத் தியாகிகள் தினமாக அனுஷ்டிக்கிறார்கள். அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் அந்த நாளில் ஆலைகளையும் சங்கங்களையும் பற்றிப் பேசுகிற நாம், ஆலைச் சங்கு ஊதியதற்குப் பிறகு மிச்சமிருந்த பொழுதில் என்ன நடந்தது என்று பேசுவதில்லை. வேலை நேரம் எட்டாகக் குறைந்தபோது தகப்பன் வெளிச்சம் இருக்கையிலேயே வீடு வந்தான். தாய்க்கு உலை வைத்த பிறகும் திண்ணையில் உட்காரச் சற்று நேரம் கிடைத்தது. பெரியவர்கள் வாசலில் இருந்தபடியால் பிள்ளைகள் தைரியமாகத் தெருவில் இறங்கினார்கள். தொழிலாளி வென்ற நேரத்தில் சரிபாதி, கோரிக்கைப் பத்திரத்தில் பெயர் இல்லாத அவன் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்த நேரத்தில் அவர்கள் ஆடியதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுகிற அறிவாளிகள் உண்டு; அவர்கள் ஒரு கோலி ஆட்டத்தைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கடலை ஒட்டிய குருசுக்குப்பத்துச் சந்துகளில் இன்னமும் சில பிள்ளைகள் அதை ஆடுகிறார்கள். இடது கைக் கட்டைவிரலைத் தரையில் ஊன்றி, நடுவிரல் நுனியில் கோலியைப் பொருத்தி, வலது கையால் அவ்விரலை வில்லாகப் பின்னுக்கு வளைத்து விடும்போது அந்தப் பையனின் முகத்தில் தெரிகிற கவனம், தறியில் அறுந்த இழையைப் பிணைக்கும் நெசவாளியிடம் காணக்கூடிய கவனத்துக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று. கோலி ஒரு செங்கல்லில் பட்டுத் திரும்பிக் குழியில் விழுந்தது. செல்லும் என்றான் அடித்தவன். செல்லாது, அழுகுணி ஆட்டம் என்றார்கள் மற்ற மூவர். ஆட்டம் நின்றுபோய் வழக்கு நடந்தது. முந்தின நாள் இதே செங்கல்லில் பட்டது யாருக்குச் செல்லிற்று, யாருக்குச் செல்லவில்லை என்று முன்னுதாரணங்கள் எடுத்துக் காட்டப்பட்டன. கடைசியில், இந்தத் தடவை செல்லும், இனிமேல் செங்கல் பட்டால் மறு ஆட்டம் என்று ஒரு தீர்ப்பு ஏற்பட்டு, யாரும் எழுதி வைக்காமலே அது சட்டமாயிற்று. இதற்குள் ஒருவனை வீட்டிலிருந்து பால் பாக்கெட் வாங்கிவரக் கூப்பிட்டார்கள். அவன் "டைம் ப்ளீஸ்" என்று சொல்லிவிட்டு ஓடினான். அவன் திரும்பி வரும்வரை அவன் கோலியை ஒருவரும் தொடவில்லை. ஓரத்தில் ஐந்து வயதுத் தம்பி ஒருவன் ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்க்கப்பட்டிருந்தான்; அவனும் முறைப்படி ஆடினான், ஆனால் அவன் தோல்வியை யாரும் கணக்கில் எழுதவில்லை.

சுவிட்சர்லாந்து தேசத்து உளவியல் அறிஞரான ழான் பியாஜே, குழந்தையின் மனத்தில் நியாய உணர்ச்சி எப்படி வளர்கிறது என்று ஆராயப் புகுந்தபோது, வேதாகமத்தையோ பள்ளிக்கூடத்து நீதிப் பாடத்தையோ எடுத்துக்கொள்ளாமல், ஜெனிவாவிலும் நெயூஷாத்தேலிலும் தெருப்பிள்ளைகள் ஆடிய கோலி ஆட்டத்தையே எடுத்துக்கொண்டார். 1932இல் வெளிவந்த அவர் நூல் அதிலிருந்துதான் தொடங்குகிறது. சின்னக் குழந்தை ஆட்டத்தின் விதிகளைப் பெரியவர்கள் அருளிய மாற்றொணாத கட்டளைகளாக நினைக்கிறது. பத்துப் பன்னிரண்டு வயதுக்குள் அதே குழந்தை, விதி என்பது ஆடுகிறவர்கள் கூடிச் சம்மதித்து ஏற்படுத்திக்கொண்டது, எல்லோரும் ஒப்பினால் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் ஒப்பிய பிறகு மீறக் கூடாது என்பதைத் தானே கண்டுகொள்கிறது. இந்த மாற்றத்தைப் பெரியவர்களின் உபதேசம் உண்டாக்கவில்லை, சமமானவர்கள் தமக்குள் சண்டையிட்டு ராஜியாவதுதான் உண்டாக்குகிறது என்பது அவர் கண்ட முடிவு. உத்தியோக தர்மம் என்று நாம் எதைச் சொல்கிறோம்? கண்காணிப்பவன் இல்லாத இடத்திலும் ஒப்பிய விதியைக் காப்பது, தோற்றால் ஒத்துக்கொள்வது, இளைத்தவனுக்கு இடம் கொடுப்பது, சக மனிதன் சற்று நிறுத்து என்றால் நிறுத்துவது. இவ்வளவும் கோலிக் குழியைச் சுற்றி இருபது நிமிஷத்தில் நடந்தேறியதை நான் பார்த்தேன். எந்த அலுவலகத்துப் பயிற்சி வகுப்பும் இதை இருபத்தைந்து வயதில் புதிதாக ஏற்றிவிட முடியும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

இனி, இன்றைய மாலையைப் பார்க்கலாம். முத்தியால்பேட்டையில் உறவினர் வீடு ஒன்றில், ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிற இளம் தகப்பன் ஆறரை மணிக்கு வீடு வந்து, முகம் கழுவி, காபி டம்ளரைக் கையில் எடுத்தான். புதிதாக வாங்கிய பம்பரத்தையும் சாட்டையையும் வைத்துக்கொண்டு வாசற்படியில் மகன் காத்துக்கொண்டிருந்தான். சாட்டையைச் சுற்றத் தெரியவில்லை, அப்பா வந்து காட்ட வேண்டும். "அப்பா, வாப்பா" என்றான். அதே கணத்தில் கைப்பேசி ஒலித்தது. அலுவலகத்து வாட்ஸ்அப் குழுவில் மேலாளர் ஒரு பட்டியல் கேட்டிருந்தார். "இரு கண்ணு, ஆபீஸ் மெசேஜ்" என்று தகப்பன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். பத்து நிமிஷம் அரை மணியாயிற்று. பையன் பம்பரத்தைப் படியில் உருட்டிப் பார்த்தான், சுவரில் தட்டினான், சிணுங்கினான். கடைசியில் தாயார், அவளும் ஒரு பள்ளியின் ஆசிரியைகள் குழுவுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தவள், வீட்டிலிருந்த பழைய கைப்பேசியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். வீடு அமைதியாயிற்று. மூன்று பேரும் ஒரே கூடத்தில், மூன்று கண்ணாடிப் பலகைகளின் முன்னே. அந்தத் தாயைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பிள்ளையிடமிருந்து கைப்பேசியைப் பிடுங்க வேண்டும் என்று கடற்கரையில் பேசுகிறவர்கள், அதற்கு முன்னால் அந்தத் தகப்பனிடமிருந்து அலுவலகத்தைப் பிடுங்க வேண்டும் என்று ஏன் சொல்வதில்லை?

யந்திரத்தின்மேல் எனக்குத் துவேஷம் இல்லை. கடலுக்குப் போகிற வம்பாகீரப்பாளையத்து மீனவருக்குப் புயல் எச்சரிக்கை வருவது இந்தக் கைப்பேசியில்தான். பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றுப் பாரிஸ் பக்கம் குடியேறிவிட்ட குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இங்கே தனியாக இருக்கிற பாட்டியின் முகத்தைப் பார்த்துப் பேசுவதும் இதனால்தான். சாதனம் நல்லது. ஆனால் அது வருவதற்கு முன்பெல்லாம் வேலைக்கும் வீட்டுக்கும் இடையே ஆலைக் கதவு என்ற ஸ்தூலமான ஒரு வஸ்து இருந்தது; சங்கு ஊதியதும் அது திறந்தது, தொழிலாளி வெளியே வந்தான், மறுநாள்வரை அவனைக் கூப்பிட வேண்டுமானால் ஆள் அனுப்ப வேண்டும். கைப்பேசி அந்தக் கதவைக் கழற்றிவிட்டது. 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றில் வீடே அலுவலகமான சமயத்தில் அவசரத்துக்கென்று ஏற்பட்ட பழக்கம், தொற்று ஒழிந்த பிறகும் ஒழியவில்லை. அதே 2020இல்தான், நூறாண்டுக்கு மேல் நடந்த ரோடியர் ஆலை, ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ் என்ற பெயரில் அரசின் கையில் இருந்த நிலையில், நிரந்தரமாக மூடப்பட்டது. சங்கு ஊத ஆலை இல்லாத ஊரில் வேலை முடிந்தது என்று சொல்லவும் யாரும் இல்லை.

இந்த நிலையில் பெரிய ஸ்தாபனங்களின் தலைவர்கள் சொல்லுகிற அபிப்பிராயங்கள் கவலை தருகின்றன. 2023இல் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். எல் அண்ட் டி நிறுவனத்தின் தலைவர் 90 மணி நேரம் வேண்டும் என்றும், ஞாயிற்றுக்கிழமையும் வேலை வாங்க முடியவில்லையே என்று தமக்கு வருத்தம் என்றும் பேசியது 2025 ஜனவரியில் வெளியே வந்தது. 90 மணியை ஏழு நாளுக்குப் பங்கிட்டுப் பாருங்கள். நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிக்குச் சற்றே குறைவு. அதாவது 1936க்கு முந்தின சவானா ஆலையின் வேலை நாள், ஓய்வு நாளும் இல்லாமல். தேசம் முன்னேற வேண்டும் என்ற அவர்கள் ஆசையை நான் சந்தேகிக்கவில்லை. உத்தியோக தர்மம் என்ற பெயரால் எப்போதும் கீழே உள்ளவனிடம் மட்டுமே கடமையைக் கேட்பதுதான் தவறு. இரவு 9 மணிக்கு, காரணம் எதுவாயினும், தனக்குக் கீழே வேலை செய்கிறவனுக்குச் செய்தி அனுப்புகிற மேலதிகாரி, அவன் வீட்டுக் கூடத்தில் அனுமதி கேளாமல் நுழைகிறார். "அவசரமில்லை, நாளைக்குப் பார்த்தால் போதும்" என்று கடைசியில் சேர்த்துக்கொள்வதால் அது மரியாதையாகிவிடாது, ஏனென்றால் சம்பளம் கொடுக்கிறவரின் செய்தியைப் படித்துவிட்டுப் பதில் எழுதாமல் தூங்கும் நெஞ்சுரம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. குருசுக்குப்பத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்த "டைம் ப்ளீஸ்" இந்தப் பெரியவர்களுக்குத் தெரியாமற் போயிற்று.

கைப்பேசியில் ஆடுகிற ஆட்டமும் ஆட்டந்தானே என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் விரல் வேகமும் கணக்குப் போடும் சாமர்த்தியமும் வளரலாம். ஆனால் அதன் விதிகளை எங்கோ ஒரு நிறுவனம் எழுதிவைத்துவிடுகிறது. செங்கல் பட்டால் செல்லுமா என்று வாதாட அங்கே இடமில்லை. தோற்றவன் மறுபடி தொடங்குவதற்கு ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், எதிரில் நிற்பவன் முகத்தைப் பார்க்க வேண்டிய சங்கடம் இல்லை. இளைத்தவனைச் சேர்த்துக்கொள்ளும் தாட்சண்யமும் இல்லை. விதியைக் கூடி அமைக்கிற பழக்கமே இல்லாமல் வளர்ந்த பிள்ளை, நாளை வேலைக்குப் போகிற இடத்தில் ஒரு செயலி இட்ட விதியையும் அப்படியே ஏற்றுக்கொள்கிறது. இவ்வூர்த் தெருக்களில் உணவுப் பொட்டலம் கொண்டு போகும் இளைஞர்களைப் பாருங்கள். எந்த ஆர்டர் வரும், எவ்வளவு கிடைக்கும், எத்தனை நட்சத்திரம் குறைந்தால் வேலை போகும் என்பதைக் கைப்பேசிதான் தீர்மானிக்கிறது. ஆலையில் மேஸ்திரியின் முகத்தைப் பார்த்தாவது சண்டையிடலாம், இங்கே அதற்கும் வழியில்லை. அவர்களுக்கு மாலைதான் வேலை மும்முரமான நேரம். அவர்கள் பிள்ளைகளின் மாலையைப் பற்றி யார் யோசிக்கிறார்கள்? ராஜஸ்தான் 2023இல் இத்தகைய தொழிலாளர்களுக்கென்று இந்தியாவிலேயே முதல் சட்டத்தை இயற்றியது. 1937ஐக் கண்ட ஊர் இதில் பின்தங்கி நிற்பது எனக்கு வருத்தமே.

சட்டத்தால் ஆகுமா என்று கேட்கலாம். பிரான்சில் 2017 ஜனவரி முதல், 50 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்கள், வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை குறித்துத் தம் ஊழியர்களோடு பேசி முடிவு செய்ய வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. போர்ச்சுகல் 2021இல், வேலை நேரத்துக்கு வெளியே ஊழியரை முதலாளி தொந்தரவு செய்யக் கூடாது என்றே விதித்தது. ஆஸ்திரேலியா 2024இல் அந்த உரிமையை ஏற்றது. நம் மக்களவையிலும் சுப்ரியா சுலே இப்பொருளில் ஒரு தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. மக்கள் எதிர்த்தால் ஆளுவோர் செவி சாய்ப்பார்கள் என்பதற்கு அண்டையிலேயே சாட்சி உண்டு: 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் 12 மணி நேர வேலைக்கு இடம் தரும் திருத்த மசோதாவை நிறைவேற்றியது, தொழிற்சங்கங்களும் தோழமைக் கட்சிகளும் சேர்ந்து எதிர்த்ததில், மே தினத்தன்றே அது திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார்.

பிள்ளைகளின் பக்கத்திலும் செய்ய வேண்டியது இருக்கிறது. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தில் 1943 டிசம்பரில் அன்னை தொடங்கிய பள்ளியில், உடற்பயிற்சியும் விளையாட்டும் பாடத்துக்கு மிஞ்சிய நேரத்தில் நடக்கிற காரியங்களாக வைக்கப்படவில்லை. மாலைதோறும் மைதானத்துக்குப் போவது மாணவர்களுக்கு நித்திய கர்மம் போல, பெரியவர்களும் அதில் சேருகிறார்கள். இந்த ஊரில் பத்தாண்டுகள் வாழ்ந்த பாரதியார் பாப்பாவின் நாளைப் பங்கிட்டபோது மாலையை விளையாட்டுக்கே கொடுத்தார். அவர் நடந்த ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் இன்று மாலையில் பம்பரம் விட இடமில்லை. தெருவின் இரு பக்கமும் இரு சக்கர வாகனங்கள். சனி, ஞாயிறுகளில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிற கார்கள் மிச்ச இடத்தையும் அடைத்துக்கொள்கின்றன. ரோடியர் ஆலையின் திடலோ, கண்காட்சிக்கும், 2024இல் பேருந்து நிலையத்தைப் புதுப்பித்தபோது தற்காலிகப் பேருந்து நிலையத்துக்கும் பயன்பட்டது. ஆலைத் தொழிலாளியின் பேரப்பிள்ளைகள் பந்தாடும் இடமாக அதை ஒதுக்க வேண்டும் என்று எந்தத் திட்டத்திலும் நான் கேள்விப்படவில்லை. நகருக்குள் விசாலமான மைதானங்கள் பெரும்பாலும் பள்ளிகளுக்குள்ளேதான் இருக்கின்றன. கடைசி மணி அடித்ததும் அவற்றின் கதவுகள் சாத்தப்படுகின்றன.

ஆகையால் புதுச்சேரி அரசு உடனே செய்யக்கூடியவை இரண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. அரசுத் துறைகள், அரசுப் பள்ளிகள், அரசு சார்ந்த நிறுவனங்கள் ஆகியவற்றில், மருத்துவமனை, தீயணைப்பு, புயல் வெள்ளம் போன்ற உண்மையான அவசரங்கள் நீங்கலாக, மாலை 6 மணிக்கு மேல் வேலை சம்பந்தமான செய்தி அனுப்பக் கூடாது என்றும், அனுப்பினால் பதில் எழுதாதது குற்றமாகாது என்றும் ஓர் உத்தரவு போடலாம். இதற்குச் சட்டசபையைக்கூடக் கூட்ட வேண்டியதில்லை, அரசு நடந்துகாட்டிய பிறகு தனியாரை அழைத்துப் பேசுவது எளிது. இரண்டாவதாக, நகரத்துப் பள்ளி மைதானங்களை மாலை நான்கரை முதல் ஆறரை வரை அந்தந்தத் தெருப் பிள்ளைகளுக்கு, அந்தப் பள்ளியில் படிக்கிறவரானாலும் படிக்காதவரானாலும், திறந்துவிடலாம். பயிற்சியாளர் வேண்டாம், போட்டி வேண்டாம், பரிசுக் கோப்பை வேண்டாம். விழுந்தால் தூக்கிவிட ஒரு பெரியவர் கூப்பிடு தூரத்தில் இருந்தால் போதும். அதற்காகும் செலவு, சாவி வைத்திருக்கும் காவலாளிக்குக் கூடுதலாக இரண்டு மணி நேரச் சம்பளம். அந்த வேலையையும் ஒரே ஆளின் தலையில் கட்டாமல், வாரத்துக்கு ஒருவராக முறை மாற்றி, சம்பளத்தைக் கணக்கெழுதி முழுசாகக் கொடுத்துவிட வேண்டும். அந்தக் காவலாளியின் வீட்டிலும் பிள்ளைகள் இருப்பார்கள்.